டிசம்பர் 3 கோட்டார் திருவிழா லீவு: அன்னைக்கு செமஸ்டர் பேப்பர் நடக்குமா?

நாஞ்சில்_மாணவி:
எல்லாருக்கும் வணக்கம். நாகர்கோவில்ல பி.எஸ்சி. இரண்டாம் வருஷம், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். டைம் டேபிள்ல டிசம்பர் 3 காலையில ஒரு அரியர் பேப்பர் வந்திருக்கு. அன்னைக்கு சவேரியார் கோயில் திருவிழாவுக்கு மாவட்டம் முழுக்க உள்ளூர் விடுமுறை. கிளாஸ் குரூப்புல பாதிப் பேரு தேர்வு கிடையாதுங்காங்க. கலெக்டர் ஆர்டர்னு ஒரு படமும் சுத்துது. மழை லீவு விட்டா பேப்பர் தள்ளிப் போகுமா? அட்டெண்டன்ஸ் இப்போ 76 சதவீதம், கிளாஸ் இன்னும் 3 வாரம் இருக்கு. லீவு நாளெல்லாம் அதுல எப்படிச் சேரும்? கடைசிப் பேப்பர் முடிஞ்சதும் சென்னைக்கு அக்கா வீட்டுக்குப் போக டிக்கெட் எடுக்கணும். எந்தத் தேதிக்கு எடுக்கலாம்?

தேர்வுப்பிரிவு_பழசு:
மக்கா, லீவு விடுறது கலெக்டர். தேர்வு வைக்கிறது பல்கலைக்கழகம். இது ரெண்டும் வேற வேற அதிகாரம். உள்ளூர் விடுமுறை அறிவிச்ச உடனே தேர்வு தானா ரத்தாகாது. ரத்துன்னா பல்கலைக்கழகத் தேர்வாணையர் கையெழுத்தோட தனியா ஒரு அறிவிப்பு வரணும். அது வரலைன்னா டைம் டேபிள்ல உள்ளபடிதான் நடக்கும்னு எடுத்துக்கிட்டுப் படி.

ஒரே நாள்ல ஒரே வினாத்தாள் திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரின்னு நாலு மாவட்டத்துக்கும் போகுது. நம்ம மாவட்டத்துக்கு மட்டும் நிறுத்தினா, மத்த மூணு மாவட்டத்துலயும் வினாத்தாள் வெளிய வந்துரும். அப்புறம் நமக்குன்னு வேற வினாத்தாள் தயாரிக்கணும். இந்தச் சிக்கலால, நிறுத்தினா பெரும்பாலும் எல்லாருக்கும் சேர்த்துத்தான் நிறுத்துவாங்க. ஒரு மாவட்டத்து லீவுக்காக அதைச் சாதாரணமா செய்ய மாட்டாங்க. 2017 நவம்பர் 30 ஒக்கி புயல் மாதிரி ஊரே முடங்குற நாள் வேற கணக்கு.

அந்தப் படத்தைப் பத்தி: முதல்ல தேதியையும் கிழமையையும் ஒத்துப் பாரு. டிசம்பர் 3, 2024-ல செவ்வாய், 2025-ல புதன். போன வருஷத்து ஆர்டரை வருஷம் தெரியற இடத்தை வெட்டிட்டு அனுப்புவாங்க, ஆனா கிழமையை விட்டுருவாங்க. அடுத்து, எந்தச் சனிக்கிழமை ஈடு செய்யும் வேலைநாள்னு ஆர்டர்ல இருக்கும். தேர்வுகளுக்குப் பொருந்தாதுன்னு ஒரு வரி கடைசியில இருக்கான்னும் பாரு. முக்கியமான வரி அதுதான், படத்துல அதைத்தான் வெட்டியிருப்பாங்க.

குழித்துறை_மேற்கு:
மேல சொன்னது சரி. மழை லீவு பத்தி நான் சொல்றேன். அறிவிப்புல "பள்ளிகளுக்கு மட்டும்"னு இருந்தா கல்லூரி உண்டு, தேர்வும் உண்டு. "பள்ளி, கல்லூரிகளுக்கு"ன்னு இருந்தா வகுப்பு கிடையாது, ஆனா தேர்வுக்குப் பல்கலைக்கழக இணையதளத்தைப் பாக்கணும். கலெக்டர் அறிவிப்பு காலையில 6, 7 மணிக்குக்கூட வரும். பல்கலைக்கழக அறிவிப்பு அதுக்கப்புறம்தான் வரும். அதனால ஹால் டிக்கெட்டைப் பைல வச்சுக் கிளம்பித் தயாரா இருக்கணும். லீவுன்னு கேட்டு மறுபடி படுத்தா பேப்பர் போச்சு.

மேற்கிலிருந்து வர்றவங்க கவனிங்க. குழித்துறை சப்பாத்து (ஆத்துக்குக் குறுக்க உள்ள தாழ்வான பாலம்) மூழ்கினா சுத்தித்தான் வரணும், மார்த்தாண்டத்துல வண்டி நகராது. டிசம்பர் 3-ஐப் பொறுத்தவரை கோட்டார்ல தேரும் கூட்டமும் இருக்கும், பஸ்ஸை வேற வழியா திருப்பி விடுவாங்க. 10 மணித் தேர்வுன்னா 9 மணிக்கே சென்டர்ல நிக்கிற மாதிரி கிளம்புங்க. அரை மணிக்கு மேல தாமதமானா உள்ள விட மாட்டாங்க.

கணக்கு_டீச்சர்:
அட்டெண்டன்ஸ் விஷயத்துலதான் பிள்ளைங்க அதிகமா ஏமாறுறாங்க, அதனால எண்ணோட சொல்றேன்.

லீவு நாள் வருகையிலயும் சேராது, மொத்த வேலைநாள்லயும் சேராது. 90 வேலைநாள்னு வைங்க. தேர்வு எழுதத் தேவையான 75 சதவீதம் 67.5, அதாவது 68 நாள் வரணும். இதுவரை 75 நாள் நடந்து நீங்க 57 நாள் வந்திருந்தா அது சரியா 76 சதவீதம். மிச்சம் 15 நாள்ல 11 நாள் வந்தாப் போதும், 4 நாள் வராம இருக்கலாம்.

இப்போ 3 நாள் மழை லீவு விட்டு, அதை ஈடுகட்டலைன்னு வைங்க. மொத்தம் 87. அதுல 75 சதவீதம் 65.25, அதாவது 66. மிச்சம் 12 நாள்ல 9 நாள் வரணும், 3 நாள்தான் வராம இருக்கலாம். மழை லீவு உங்க கையிருப்பைக் கூட்டாது, குறைக்கத்தான் செய்யும்.

அடுத்த பொறி, ஈடு செய்யும் சனிக்கிழமை. ஓணம், ஆடி அமாவாசை, சிவராத்திரி, மண்டைக்காடு கொடைன்னு நம்ம மாவட்டத்துக்கு உள்ளூர் லீவு அதிகம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு சனிக்கிழமை வேலைநாளா வரும். அது முழு வேலைநாள். "சனிக்கிழமைதானே"ன்னு வீட்டுல இருந்தா அன்னைக்கு ஆப்சென்ட்.

டே ஆர்டர் (கிழமைக்குப் பதிலா முதல் நாள், ரெண்டாம் நாள்னு எண் வச்சுப் பாடவேளை போடுறது) உள்ள கல்லூரின்னா இன்னொண்ணு. புதன்கிழமை மூணாம் டே ஆர்டர் இருந்து லீவு விட்டா, வியாழக்கிழமை மூணாம் டே ஆர்டர்தான் நடக்கும். கிழமையை வச்சு நோட்டு எடுத்துட்டுப் போய் லேப் ரெக்கார்டை மறந்துராதீங்க.

ரயில்_நேரம்:
டிக்கெட் பத்தி யாரும் சொல்லலை. ரயில் முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்னாடி திறக்கும். செமஸ்டர் டைம் டேபிள் அவ்வளவு முன்னாடி வராது. அதனால கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ்ல இந்நேரம் வெயிட்டிங் லிஸ்ட் நீண்டிருக்கும், அனந்தபுரியையும் பாத்துக்கோங்க.

தள்ளிப்போன பேப்பரை வழக்கமா அட்டவணையோட கடைசியில, கடைசிப் பேப்பருக்கு அப்புறம்தான் வைப்பாங்க. அதனால கடைசித் தேர்வு அன்னைக்குச் சாயங்கால வண்டிக்கு எடுக்காதீங்க. நாலஞ்சு நாள் விட்டு எடுங்க. பேப்பர் ஏதும் தள்ளிப் போகலைன்னா அப்போ தட்கால் பாக்கலாம்: ஏசி காலை 10 மணி, ஸ்லீப்பர் 11 மணி, பயணத்துக்கு முந்தின நாள்.

நாஞ்சில்_மாணவி:
ரொம்ப நன்றி. கிழமையைப் பாத்தேன், படத்துல செவ்வாய்னுதான் இருக்கு, பழசு. இன்னொரு சந்தேகம்: அதே டிசம்பர் 3 மதியம் ரெகுலர் பேப்பரும் இருக்கு. ஒரே நாள்ல ரெண்டு எழுதலாமா?

தேர்வுப்பிரிவு_பழசு:
காலையில ஒண்ணு, மதியம் ஒண்ணுன்னா தாராளமா எழுதலாம், அது மோதல் இல்ல. ஒரே வேளையில ரெண்டு வந்தாத்தான் மோதல். எஃப்.என். (காலை), ஏ.என். (மதியம்) எழுத்தை மாத்திப் படிச்சிருவாங்க, திரும்பப் பாரு. பாடத்தோட பேரை வச்சுப் பாக்காதே, பேப்பர் கோடை வச்சுப் பாரு. பாடத்திட்டம் மாறின வருஷத்துல ஒரே பேருக்கு ரெண்டு கோடு இருக்கும், அரியருக்குப் பழைய கோடுதான். மோதல் இருந்தா இந்த வாரமே கல்லூரித் தேர்வுப் பிரிவுல எழுதிக் குடு, ஹால் டிக்கெட் வர்ற வரை காத்திருக்காதே.