மறு: ஆட்டக்காரரே கட்டிக்கொள்ளும் 'ஆக்‌ஷன்' – செயலா, வினையா, வரிசையா?

குழுமத்தார் அனைவருக்கும் வணக்கம்.

இந்த இழையில் வந்த மடல்களில் பாதி, எந்த விசையை அழுத்தினால் என்ன நடக்கும் என்பதைப் பற்றியே போய்விட்டது. நான் கேட்டது அதுவல்ல; கேமில் ஆட்டக்காரரே கட்டிக்கொள்ளும் காரியத்துக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதுதான். முதலில் இரண்டையும் பிரித்து வைத்துவிடுகிறேன். இல்லையென்றால் ஆளுக்கொரு பொருளை மனத்தில் வைத்துக்கொண்டு சொல் தேடிக்கொண்டிருப்போம்.

கடலூரில் நண்பர்கள் சிலர் சேர்ந்து ஓய்வு நேரத்தில் ஒரு ரோல் பிளேயிங் கேம் செய்கிறோம். கதை 2011 டிசம்பர் 31 அன்று, அதாவது தானே புயல் கரை கடந்த மறுநாள் காலையில் தொடங்குகிறது. கடிலம் கழிமுகம், தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, விழுந்து கிடக்கும் முந்திரித் தோப்புகள், இவ்வளவுதான் உலகம். கேமை உருவாக்கப் பயன்படுத்தும் மென்பொருள், அதாவது எஞ்சின், கோடோ. அந்த எஞ்சினுக்குள்ளேயே 'ஆக்‌ஷன்' என்ற சொல் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. 'தாவு' என்று ஒரு பெயரை வைத்து, அதோடு ஸ்பேஸ் விசையையும் கேம்பேடின் ஒரு பொத்தானையும் சேர்த்துவிட்டால், நிரல் எந்த விசை என்று பார்க்காமல் 'தாவு அழுத்தப்பட்டதா' என்று மட்டும் கேட்கும். இதற்கு 'கட்டளை' என்று வைத்துக்கொள்ளலாம். யாரும் மறுக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

சொல் வேண்டியது வேறொன்றுக்கு. பாத்திரம் செய்யக்கூடிய ஒரு காரியத்தை ஆட்டக்காரரே துண்டு துண்டாகத் தேர்ந்தெடுத்துக் கட்டிக்கொள்கிறார். 2002-இல் வந்த மாரோவிண்ட் ஆடியவர்களுக்குத் தெரிந்திருக்கும். என்ன விளைவு, எவ்வளவு வலிமை, எத்தனை நொடி, எவ்வளவு பரப்பு, தன்மேலா, தொட்டா, தூரத்திலிருந்தா என்று நாமே தேர்ந்து ஒரு மந்திரத்தைக் கட்டலாம். அதற்கு எவ்வளவு ஆற்றல் செலவாகும் என்று கேமே கணக்குப் போட்டுச் சொல்லும். அதே வரிசையில் 2011-இல் வந்த ஸ்கைரிமில் இந்த வசதியை எடுத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் அதுதான் அந்த கேமின் பெரிய குறை, ஆனால் அது வேறு சண்டை.

எங்கள் கேமில் மந்திரம் கிடையாது. துடுப்பு, வீச்சுவலை, கயிறு, கல். கட்டும் முறை மட்டும் அதேதான். ஓர் எடுத்துக்காட்டு: கருவி வீச்சுவலை, செய்வது 'இழு', எல்லா எதிரிகள்மேலும், கழிமுகத்தில் மட்டும், எதிரி நகரும்போது. எங்கள் கேமில் செலவாகும் ஆற்றலுக்கு 'மூச்சு' என்று பெயர். 'இழு'வின் அடிப்படை விலை 4 மூச்சு. எல்லா எதிரிகளும் என்றதால் மூன்று மடங்கு, 12. கழிமுகத்தில் மட்டும் என்று ஆட்டக்காரர் தன்னைத்தானே கட்டிப்போட்டுக்கொண்டதால் பாதி தள்ளுபடி, 6. கரையில் நிற்கும்போது இது வேலை செய்யாது. கட்டுப்பாட்டை ஏற்றுக்கொண்டால் விலை குறையும், இதுதான் ஆட்டத்தின் சுவாரசியமே.

சரி, இந்த மொத்தக் கட்டுக்கு என்ன பெயர்? வந்த பரிந்துரைகளைப் பார்க்கிறேன்.

> 'செயல்' என்றே வைக்கலாமே. எளிது, எல்லோருக்கும் புரியும்.

புரியும், அதில் சந்தேகமில்லை. ஆனால் கணினித் தமிழில் 'செயல்' குடும்பத்தில் உட்கார இடமில்லை. 'செயலி' என்றால் ஒருவருக்கு புராசசர், இன்னொருவருக்கு போனில் இருக்கும் ஆப். செயற்கூறு, செயல்பாடு, செயலாக்கம், செயல்முறை எல்லாம் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கின்றன. எங்கள் ஆவணத்தில் 'இந்தச் செயலைச் செயற்படுத்தும் செயற்கூறு' என்று ஒரு வரி வந்தது. எழுதியவரே மறுபடி படித்துவிட்டுச் சிரித்தார்.

> இளைஞர்கள் ஸ்கில் என்றுதான் சொல்கிறார்கள். 'திறன்' போதும்.

திறன் என்பது ஒருவரிடம் இருப்பது. வலை வீசத் தெரிவது திறன், இந்த எதிரிமேல் இப்போது வீசுவது வேறு. எங்கள் கேமில் இரண்டுமே இருக்கின்றன. நீச்சல் 3, கயிறு 5 என்று பாத்திரத்துக்கு எண்கள் உண்டு. அந்த எண்களுக்கு 'திறன்' தேவைப்படுகிறது. அதை எடுத்து இங்கே கொடுத்துவிட்டால் அங்கே ஓட்டை விழும்.

> சிலம்பத்தில் அடிவரிசை, குத்துவரிசை என்கிறோம். 'வரிசை' என்று வையுங்கள், மண்ணின் சொல்லாக இருக்கும்.

அக்கா, படித்ததும் ஆசையாகத்தான் இருந்தது. குத்துவரிசை என்ற சொல்லின் கம்பீரம் வேறு எதற்கும் வராது. சிக்கல் என்னவென்றால், கேமுக்குள் பட்டியல், அடுக்கு, முறை எல்லாவற்றுக்கும் நிரலாளர்கள் 'வரிசை'யைத்தான் எடுக்கிறார்கள். யாருடைய முறை அடுத்து என்று காட்டுவதும் வரிசைதான். ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று நான்கு அடிகளைக் கோத்துக் கொடுப்பதை, பையன்கள் காம்போ என்று சொல்வதை, 'அடிவரிசை' என்று வைக்கலாம். உங்கள் சொல்லை அங்கே எடுத்துக்கொள்கிறேன். அனுமதி தேவை.

எனக்குப் பிடித்தது 'வினை'. காரணம் இலக்கணத்தில் இருக்கிறது. பள்ளியில் எல்லோரும் மனப்பாடம் செய்த நன்னூல் நூற்பா:

செய்பவன் கருவி நிலம்செயல் காலம்
செய்பொருள் ஆறும் தருவது வினையே

'குயவன் குடத்தை வனைந்தான்' என்று ஆசிரியர் சொல்லி, ஆறையும் எடுத்துக் காட்டச் சொல்வார். இதை எங்கள் கோப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். கோடோவில் ஒவ்வொரு கட்டையும் ஒரு ரிசோர்ஸ் கோப்பாக வைக்கிறோம். அதில் உள்ள கட்டங்கள்: எந்தப் பாத்திரம், எந்தக் கருவி, எந்த இடம், என்ன செய்வது, எப்போது, யார்மேல். பவணந்தியார் எங்களுக்காக உட்கார்ந்து எழுதிக்கொடுத்த மாதிரி இருக்கிறது. வேறு எந்தச் சொல்லை எடுத்தாலும் உள்ளே உள்ள கட்டங்களுக்குத் தனித்தனியாகப் பெயர் தேட வேண்டும். 'வினை'யை எடுத்தால் பெயர்கள் கூடவே வந்துவிடுகின்றன.

திரையில் இலக்கணச் சொற்களைப் போட மாட்டோம். 'செய்பொருள்' என்று ஒரு பொத்தான் இருந்தால் பத்தாம் வகுப்புத் தேர்வு நினைவுக்கு வந்து கேமை மூடிவிடுவார்கள். திரையில் எதனால்? எங்கே? எப்போது? யார்மேல்? என்று வினாச் சொற்களே போதும். நூற்பா, கோப்புக்குள்ளும் ஆவணத்திலும் இருக்கட்டும்.

இன்னொரு வசதி, 'வினை' முன்னொட்டு ஏற்கும். எதிரி அடிக்கும்போது தானாகப் பாயும் வகைக்கு 'எதிர்வினை' தயாராக இருக்கிறது. செய்தித்தாள் படிப்பவருக்கும் தெரிந்த சொல். இந்த வகையைப் பிரித்துப் பெயரிட்டே ஆக வேண்டும். 'யாராவது அடித்தால் திருப்பி அடி' என்று இரண்டு பாத்திரங்கள் வைத்திருந்தால் என்ன ஆகும்? முதலாமவர் அடி இரண்டாமவரைத் தூண்டும், அந்த அடி முதலாமவரைத் தூண்டும், கேம் உறைந்து நிற்கும். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில் ஒருவருக்கு ஒரு சுற்றில் ஒரே ரியாக்‌ஷன்தான் என்று விதி வைத்திருக்கிறார்கள். நாங்கள் வைத்த விதி: எதிர்வினைக்கு எதிர்வினை இல்லை. தமிழில் சொல்லும்போதே சட்டம் மாதிரி ஒலிக்கிறது.

எதையும் அழுத்தாமலே எப்போதும் இருக்கும் பாசிவ் ஸ்கில்லுக்குக் 'குறிப்புவினை' என்று ஒரு பரிந்துரை வந்தது. கெட்டிக்காரத்தனமான சொல்தான், ஆனால் ஆடுகிறவனுக்கு ஒன்றும் விளங்காது. 'இயல்பு' என்று வைத்துவிடலாம்.

பெயர் ஒட்டுவதில்தான் பெரிய தலைவலி. கருவியும் செய்வதும் சேர்ந்து வினைக்குப் பெயர் தானாக உருவாக வேண்டும். வலையும் வீச்சும் சேர்ந்தால் வலைவீச்சு. வலையும் பிடியும் சேர்ந்தால் நடுவில் ஒரு 'ப்' வேண்டும், வலைப்பிடி. கயிறு இன்னும் மோசம், கயிற்றுவீச்சு என்று உருவமே மாறுகிறது. கல்லோடு பிடி சேர்ந்தால் கற்பிடி. ஆகவே ஒவ்வொரு கருவிக்கும் தனிவடிவம் ஒன்று, ஒட்டும் வடிவம் ஒன்று என்று அட்டவணையில் வைத்துவிட்டோம். வல்லினம் மிகும் இடத்தை மட்டும் நிரல் பார்த்துக்கொள்கிறது. கல் போன்ற முரண்டுகளைக் கையால் எழுதிவிட்டோம்.

அப்புறம் நீளம். பெயருக்கு 12 என்று வரம்பு வைத்தால் எஞ்சின் எழுத்தை எண்ணாது, யூனிகோடு குறியீடுகளை எண்ணும். 'துடுப்புக்குத்து' நம் கணக்கில் எட்டெழுத்து, அதன் கணக்கில் 16. பன்னிரண்டில் வெட்டினால் திரையில் 'துடுப்புக்கு' என்று நிற்கும். துடுப்புக்கு என்ன என்று ஆட்டக்காரர் கேட்பாரா மாட்டாரா? எழுத்தெண்ணும் சிறு நிரல்கூறு ஒன்றை எழுதிச் சேர்த்திருக்கிறோம். கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன்.

மிச்சம் இரண்டு. ஒன்று, கேமோடு வரும் வினைகளையும் ஆட்டக்காரர் கட்டிய வினைகளையும் பிரித்துச் சொல்ல ஒரு சொல். 'கைவினை' என்று யோசித்தோம். ஆனால் வலை பின்னுவது, படகு பழுது பார்ப்பது எல்லாம் கேமில் இருக்கின்றன. கைவினை என்றால் எல்லோருக்கும் அதுதான் தோன்றும். 'தனிப்பயனாக்கிய வினை' பொத்தானில் அடங்காது. இரண்டு, தன்மேலேயே செய்துகொள்வதைத் 'தன்வினை' என்றும் அடுத்தவர்மேல் செய்வதைப் 'பிறவினை' என்றும் வைக்கலாமா?

கடலூர் முதுநகரிலிருந்து,
கேம் குழு சார்பில்

– – –

தம்பிக்கு,

பிறவினையை அப்படி வைக்காதீர்கள். உருண்டான் என்பது தன்வினை, உருட்டினான் என்பது பிறவினை. அடுத்தவர்மேல் செய்வதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அடுத்ததைச் செய்ய வைப்பதுதான் பிறவினை. உங்கள் கேமில் கூட்டாளியை ஏவி ஒரு காரியம் செய்விக்கும் வசதி உண்டா? உண்டென்றால் அதற்குப் பிறவினை என்று வையுங்கள், நூறு மதிப்பெண் தருகிறேன்.

நன்னூலின் ஆறோடு நிற்க வேண்டியதில்லை. தொல்காப்பியம் இன்னதற்கு, இது பயன் என்ற இரண்டையும் சேர்த்து எட்டாகச் சொல்கிறது. உங்கள் கோப்பில் விளைவு என்ற கட்டம் இல்லாமலா இருக்கும்? அதைப் பட்டியலில் நீங்கள் சொல்லவில்லை.

'விளையாட்டு வினையாகும்' என்று பழமொழி இருக்க, விளையாட்டிலேயே வினையை வைக்கிறீர்களே என்று இங்கே ஒரு நண்பர் சிரித்தார். வள்ளுவர் வினைத்தூய்மை, வினைத்திட்பம், வினைசெயல்வகை என்று மூன்று அதிகாரம் அடுத்தடுத்து எழுதியிருக்கிறார், அவர் பயப்படவில்லை, நீங்கள் ஏன் பயப்பட வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

ஆட்டக்காரர் கட்டியதற்கு: புனைவினை. வினைத்தொகை, ஆகவே நடுவில் ஒற்று வராது. புனைந்த, புனைகின்ற, புனையும் என்று மூன்று காலமும் அடங்கும். கட்டியதைப் பிறகு மாற்றலாம் என்றால், அதற்கும் பொருந்தும்.

புதுச்சேரியிலிருந்து,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

– – –

ஐயா, வணக்கம்.

புனைவினையை எடுத்துக்கொள்கிறோம். குழுவில் ஒருவர், புனைவு என்றால் இப்போது கற்பனைக் கதை என்றுதானே பத்திரிகைகளில் வருகிறது, பொய்யான வினை என்று நினைக்க மாட்டார்களா என்று கேட்டார். பொத்தானில் 'வினை புனை' என்று போட்டுக் காட்டியதும் அடங்கிவிட்டார். ஏவல் வடிவம், சேமி, திற, மூடு என்பவற்றோடு ஒட்டிப் போகிறது. நான்கே எழுத்து என்பது கூடுதல் லாபம்.

கூட்டாளியை ஏவும் வசதி உண்டு ஐயா. சிங்காரத்தோப்புப் பெரியவர் ஒருவர் இரண்டாம் பகுதியில் கூட வருவார், அவரை வலை இழுக்கச் சொல்லலாம். பிறவினை இனி அதற்குத்தான். தன்மேலா, அடுத்தவர்மேலா என்பது 'யார்மேல்?' என்ற கட்டத்திலேயே தெரிந்துவிடுவதால் அதற்குத் தனிச்சொல் வேண்டாம்.

'இன்னதற்கு', 'இது பயன்' இரண்டும் நேற்றிரவு ஒரு வேலை கொடுத்துவிட்டன. விளைவுக்குக் கட்டம் இருந்தது. யாருக்காக என்பதற்கு இல்லை. எதிரியைக் கயிற்றால் இழுத்தால் பாதிக்கப்படுவது எதிரி, ஆனால் அதனால் தப்பிப்பது பின்னால் நிற்கும் கூட்டாளி. இதுவரை அதைக் குறிக்க வழியில்லாமல், 'காப்பாற்று' என்று தனி வினையாக எழுதி ஒப்பேற்றியிருந்தோம். இப்போது 'யாருக்காக?' என்று ஒரு கட்டம் சேர்த்தாயிற்று. விலைக் கணக்கில் அடுத்தவருக்காகச் செய்தால் 1 மூச்சு குறைவு என்று வைத்துப் பார்க்கிறோம். ஆடிப் பார்த்தால்தான் சரியா என்று தெரியும்.

ஆக முடிவானவை: விசையோடு சேர்ந்தது கட்டளை. பாத்திரம் செய்வது வினை, ஆட்டக்காரர் கட்டியது புனைவினை. தூண்டப்பட்டுப் பாய்வது எதிர்வினை, கூட்டாளியைச் செய்ய வைப்பது பிறவினை, கோத்து அடிப்பது அடிவரிசை, எப்போதும் இருப்பது இயல்பு. சொல்தொகுப்புக் கோப்பில் ஏற்றிவிட்டேன். யாருக்காவது மறுப்பு இருந்தால் கோப்பிலேயே குறிப்பு எழுதுங்கள்.

கூல்டவுன் மட்டும், அதாவது ஒரு வினையைச் செய்தபின் மறுபடி செய்யக் காத்திருக்கும் நேரம், மாட்டிக்கொண்டிருக்கிறது. ஒருவர், சூடு ஆறும் காலம் என்ற பொருளில், 'ஆறுகாலம்' என்றார். நம் மாவட்டத்தில் சிதம்பரத்தை வைத்துக்கொண்டு அப்படி எழுதினால் எல்லோரும் பூசை நேரம் என்றுதான் படிப்பார்கள். எங்கள் கேமில் செலவாவது மூச்சு என்பதால் 'மூச்சுவாங்கல்' நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் ஐகானுக்குக் கீழே ஐந்தெழுத்துக்குத்தான் இடம் இருக்கிறது, இது ஏழு. குட்டையாக ஏதாவது தோன்றினால் தனி இழையில் எழுதுங்கள், இந்த இழை ஏற்கெனவே நீண்டுவிட்டது.