மேரி வெல்ஸ் யாரென்று தெரியுமா? மறந்துபோன சோல், ஃபங்க் கலைஞர்கள் பற்றி ஒரு வாதம்

ஊசிமுனை:
நேற்று ராத்திரி வீட்டில் 'மை கை' என்ற பழைய சோல் பாட்டின் இசைத்தட்டைச் சுழலவிட்டேன் (சோல், ஃபங்க் இரண்டும் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இசைவகைகள்). கூட மூன்று நண்பர்கள் இருந்தார்கள், மூன்று பேருமே இசை கேட்கும் காது உள்ளவர்கள். பாடுவது யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை. "டயானா ராஸா?" என்றார் ஒருவர். அதிலிருந்து மனசு ஆறவில்லை, அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

பாடியவர் மேரி வெல்ஸ், டிட்ராய்ட்காரர். 1964 மே மாதம் இந்தப் பாட்டு அமெரிக்காவின் பில்போர்டு பாட்டுத் தரவரிசைப் பட்டியலில் இரண்டு வாரம் முதலிடத்தில் இருந்தது. பீட்டில்ஸ் அலை அமெரிக்காவையே புரட்டிப்போட்ட வருஷம் அது. அதே வருஷம் இங்கிலாந்தில் பீட்டில்ஸ் கச்சேரிகளில் அவர்களுக்கு முன்னால் மேடையேறிப் பாடியவரும் இவர்தான். 1962-ல் வெளியான அவருடைய மூன்று பாட்டுகள் முதல் பத்துக்குள் வந்தன. டயானா ராஸின் சுப்ரீம்ஸ் குழு பெயர் எடுப்பதற்கு முன்பே மோடவுன் என்ற இசைத்தட்டுக் கம்பெனியின் பெண் நட்சத்திரம் என்றால் மேரி வெல்ஸ்தான்.

17 வயதில் போட்ட ஒப்பந்தம். 21 வயது முடிந்ததும் அதிலிருந்து விலகி வேறு கம்பெனிக்குப் போனார். அதற்குப் பிறகு பில்போர்டின் முதன்மைப் பட்டியலில் ஒரு பாட்டுகூட முதல் பத்துக்குள் வரவில்லை. 1990-ல் குரல்வளையில் புற்றுநோய் வந்தபோது மருத்துவக் காப்பீடு இல்லை. சக கலைஞர்கள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். 1992-ல் 49 வயதில் போய்விட்டார்.

ஒரு காலத்தில் உச்சியில் இருந்து, இன்று பெயரே இல்லாமல் போனவர்கள் யார் யார்? நீங்களும் சொல்லுங்கள்.

கறார் கணேசன்:
சார், உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் இப்படிப்பட்ட பட்டியல்களில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒவ்வொரு வருஷமும் பத்து இருபது பாட்டு முதலிடம் பிடிக்கிறது. அத்தனையையும் அறுபது வருஷம் கழித்தும் ஜனங்கள் நினைவில் வைத்திருக்க முடியாது, வைத்திருக்கவும் வேண்டாம். காலம் சலித்தெடுக்கும். அரீதா ஃபிராங்க்ளின் நின்றார், ஸ்டீவி வொண்டர் நின்றார். 'மை கை' இனிமையான பாட்டுதான், ஆனால் அந்த வரிசையில் அதை வைக்க முடியாது. கம்பெனியை விட்டுப் போனதும் அவரே எடுத்த முடிவு.

இன்னொன்றையும் கவனியுங்கள். நீங்கள் எழுதியதில் நோயும் சாவும் இருக்கிறது. அந்தப் பாட்டு எப்படி இருக்கும் என்று ஒரு வரி இல்லை. இப்படித்தான் இவர்களைப் பரிதாபத்துக்குரியவர்களாக ஆக்கிவிடுகிறோம்.

டொராண்டோ நிலா:
கணேசன் அண்ணா, பாட்டைப் பற்றி நான் சொல்லுறன். தொடக்கத்தில ஊதுகருவிகள் ஒரு வரி வாசிக்கும், கவனிச்சிருக்கிறீங்களா? அது 'கனடியன் சன்செட்' எண்ட 1956ஆம் ஆண்டு மெட்டில இருந்து வாத்தியக்காரர் எடுத்துப் போட்டது. கடைசியில மேரி வெல்ஸ் பழைய நடிகை மே வெஸ்ட் பேசுற மாதிரி குரலை இழுத்து இழுத்துப் பாடுவா. ஒலிப்பதிவில விளையாட்டாச் செய்தது, நல்லாயிருக்கெண்டு அப்பிடியே விட்டிட்டினம். அந்த இழுப்பு இல்லையெண்டால் அந்தப் பாட்டு முழுசா அந்தப் பாட்டில்லை.

இங்கயிருந்து டிட்ராய்ட் காரில நாலு மணித்தியாலம். வெஸ்ட் கிராண்ட் பூல்வார்டில மோடவுன் இருந்த வீடு இப்ப அருங்காட்சியகம். அங்க 'ஸ்டூடியோ ஏ' எண்ட ஒலிப்பதிவு அறைக்குள்ள போய் நிண்டால் நெஞ்சடைக்கும், அவ்வளவு சின்ன இடம். வாத்தியக்காரர் அதைப் பாம்புக்குழி எண்டுதான் கூப்பிடுவினமாம்.

அந்தக் குழிக்குள்ள இருந்து பேஸ் கிட்டார் வாசிச்சவர் ஜேம்ஸ் ஜேமர்சன். வலது கையில ஒரேயொரு விரலாலதான் கம்பியைச் சுண்டுவார். அறுபதுகளில வந்த மோடவுன் பாட்டுகளில கால் தானா ஆடுதெண்டால் அதுக்கு அவர்தான் பெரும்பாலும் காரணம். தட்டு உறையில அவரின்ர பெயர் ஒழுங்கா வந்தது 1971இல, பாடகர் மார்வின் கேயின்ர 'வாட்ஸ் கோயிங் ஆன்' வந்தபோதுதான். அடுத்த வருஷமே கம்பெனி லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போயிட்டுது. 1983இல மோடவுனுக்கு 25 வருஷம் எண்டு பெரிய விழா எடுத்தவை. ஜேமர்சன் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் சனத்தோட சனமா இருந்து பார்த்தார். அதே வருஷம் ஆகஸ்டில செத்துப்போனார், 47 வயது.

காலம் சலிச்சதெண்டு சொல்லுறீங்கள். இவரைக் காலம் சலிக்கேல்ல. தட்டு உறையை அச்சடிச்சவை பெயரைப் போடேல்ல, அவ்வளவுதான்.

தாளக்கட்டு:
நிலா சொன்னதைத்தான் நானும் சொல்ல வந்தேன். நான் இருபது வருஷமாக டிரம்ஸ் வாசிக்கிறவன், என் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு. டென்னசி மாநிலத்தின் சாட்டனூகாவில் பிறந்தவர். டிரம்ஸ் யாரிடமும் முறையாகக் கற்கவில்லை. ஊரில் ஓடிய ரயில் சத்தத்திலும் ஆலைச் சத்தத்திலும் தாளம் பிடித்தவர். 1965-ல் ஃபங்க் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் குழுவில் சேர்ந்தார். 'கோல்டு ஸ்வெட்' அவர் வாசித்ததுதான். 1969 நவம்பரில் சின்சினாட்டியில் 'ஃபங்கி டிரம்மர்' பதிவானது. பாட்டின் பிற்பகுதியில் மற்ற வாத்தியங்கள் எல்லாம் அடங்கி, டிரம்ஸ் மட்டும் எட்டு பார் தனியாக ஓடும் (பார் என்றால் நான்கு அடி கொண்ட ஒரு தாளச்சுற்று). இருபது விநாடிகூட இருக்காது.

அதில் என்ன இருக்கிறது? ஹை-ஹேட்டில், அதாவது காலால் மூடித் திறக்கும் ஜோடி உலோகத் தட்டில், ஒரு அடிக்கு நான்கு தட்டு, விடாமல். ஸ்னேர் டிரம்மில் ஓங்கி விழும் அடிகளுக்கு நடுவே குச்சியைத் தோலில் உரசினாற்போல் சின்னச் சின்ன அடிகள், கோஸ்ட் நோட் என்போம். காதுக்குத் தனியாகக் கேட்காது, ஆனால் எடுத்துவிட்டால் தாளம் செத்துவிடும். நான் அதை ஆறு மாசம் சாதகம் செய்தேன். அடி எண்ணிக்கை சரியாக வந்தது, அந்த மிதப்பு வரவில்லை.

அந்த இருபது விநாடியை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகளில் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். பப்ளிக் எனிமி என்ற ராப் குழுவின் 'ஃபைட் த பவர்' அதில் ஒன்று. ஸ்டபிள்ஃபீல்டுக்கு அதிலிருந்து உரிமத்தொகை வரவில்லை. இயற்றியவர் என்று பதிவாகியிருப்பது ஜேம்ஸ் பிரவுன். டிரம்மர் கூலிக்கு வாசித்தவர், தாளத்தை இயற்றியவர் என்று சட்டத்தில் அவருக்கு இடமில்லை. கடைசிவரை விஸ்கான்சினில் மாடிசன் நகரத்தில் இருந்தார், திங்கட்கிழமை தோறும் உள்ளூர்க் கிளப்பில் வாசித்தார். புற்றுநோய் வந்தபோது மருத்துவச் செலவை வெளியே சொல்லாமல் கட்டியவர் பாடகர் பிரின்ஸ். 2017-ல் ஸ்டபிள்ஃபீல்டு இறந்தார்.

கறார் கணேசன்:
தாளக்கட்டு, நீங்கள் எழுதியது என் பக்கத்துக்குத்தான் பலம் சேர்க்கிறது. ஆயிரம் பாட்டில் அவர் தாளம் ஒலிக்கிறது என்றால் அதைவிடப் பெரிய நினைவு என்ன வேண்டும்? மறந்துபோனவர் என்று அவரை எப்படிச் சொல்ல முடியும்? பெயர் தெரியாத கொத்தனார் கட்டிய மண்டபத்தில்தான் நாம் நிற்கிறோம். மண்டபம் நிற்கிறதே.

நல்ல பாட்டு தானாக வழி கண்டுபிடிக்கும் என்பதற்கு வேறு உதாரணமும் இருக்கிறது. இங்கிலாந்தின் வடபகுதியில், விகன் கேசினோ என்ற அரங்கில், 1973 முதல் 1981 வரை ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் விடிய விடிய ஆடினார்கள். எதற்கு? அமெரிக்காவிலேயே விலைபோகாத அறுபதுகளின் சோல் தட்டுகளுக்கு. நினைவுகூருங்கள் என்று யாரும் அவர்களிடம் பிரச்சாரம் செய்யவில்லை.

ஊசிமுனை:
கணேசன் சார், விகன் கதையை நீங்களே எடுத்ததால் அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அரிய தட்டு கிடைத்தால் அங்கிருந்த டிஜேக்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? எதிராளி டிஜே கண்டுபிடித்துவிடக் கூடாதென்று லேபிள் மேல் தாள் ஒட்டி, பாடியவர் பெயரை மாற்றிப் பொய்ப்பெயர் சொல்லுவார்கள். ஆயிரம் பேர் ஒரு குரலுக்கு உயிரை விட்டு ஆடினார்கள், பாடியவர் பெயர் தெரியாமலே. பாட்டு பிழைத்தது, சரி. பாடியவருக்கு என்ன கிடைத்தது?

மண்டபம் உதாரணமும் ஒத்துவரவில்லை. கொத்தனார் நம் காலத்தவர் அல்ல. ஸ்டபிள்ஃபீல்டு உயிரோடு இருந்தார், வாடகை கட்டினார், டயாலிசிஸ் செய்துகொண்டார்.

தாளக்கட்டு:
வின்ஸ்டன்ஸ் என்று ஒரு குழு. 1969-ல் அவர்கள் வெளியிட்ட 'கலர் ஹிம் ஃபாதர்' பாட்டுக்கு கிராமி விருது கிடைத்தது. அந்தத் தட்டின் பின்பக்கத்தை நிரப்பப் போட்டது 'ஆமென், பிரதர்'. அதில் கிரிகரி கோல்மன் தனியாக வாசிக்கும் நான்கு பார், ஏறக்குறைய ஏழு விநாடி. நான்காவது பாரின் முதல் அடியை வெறுமையாக விட்டு, நாம் எதிர்பார்ப்பதற்கு முன்னாலேயே க்ராஷ் என்ற பெரிய உலோகத் தட்டில் அடிப்பார். கேட்கிறவனுக்கு ஒரு படி தவறினாற்போல் இருக்கும்.

இங்கிலாந்தின் ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் என்ற இசைவகைகள் இந்த ஏழு விநாடி மேல்தான் எழுந்தன. கோல்மன் 2006-ல் அட்லாண்டாவில் வீடில்லாமல் இறந்தார். பாட்டின் உரிமை வைத்திருந்த ரிச்சர்டு ஸ்பென்சருக்கு விஷயமே 1996-ல்தான் தெரிந்தது. வழக்குப் போடக் காலம் கடந்திருந்தது. 2015-ல் பிரிட்டிஷ் டிஜேக்கள் இரண்டு பேர் நன்கொடை திரட்டி 24,000 பவுண்டு அனுப்பினார்கள். அந்த இரண்டு பேரை நான் மனசாரக் கும்பிடுகிறேன். ஆனால் கோல்மனுக்கு அது எட்டவில்லை.

டொராண்டோ நிலா:
சண்டை பிடிச்சு வாங்கினவரும் இருக்கிறார். சில் ஜான்சன், சிகாகோ. 1967இல 'டிஃபரன்ட் ஸ்ட்ரோக்ஸ்' எண்டு ஒரு பாட்டு, தொடக்கத்தில ஒரு முக்கலும் ஒரு பெண்ணின்ர சிரிப்பும் வரும். சிரிக்கிறது பாடகி மினி ரிப்பர்ட்டன். அதை வூ-டாங் கிளான் எண்ட ராப் குழுவில இருந்து எத்தனையோ பேர் வெட்டி எடுத்தவை. பிறகு மெம்ஃபிஸ் போய் ஹை ரெக்கார்ட்ஸ் கம்பெனியில பாடினார். அங்க பாடகர் அல் கிரீன் இருந்தார், கம்பெனியின்ர கவனம் முழுக்க அவரில. எண்பதுகளில சில் ஜான்சன் சிகாகோவில மீன் பொரிச்சு விக்கிற கடைகள் நடத்தினார்.

தன்ர குரலை யார் யார் எடுத்தவை எண்டு தேடித் தேடி வழக்குப் போட்டார். ராப் பாடகர்கள் கான்யே வெஸ்ட், ஜே-சி மேல போட்ட வழக்கு 2012இல சமரசத்தில முடிஞ்சுது. சைப்ரஸ் ஹில் எண்ட ராப் குழு மேல போட்ட வழக்கில தோத்தார். ஏன் தெரியுமா? 1972 பிப்ரவரி 15க்கு முதல் பதிவான ஒலிக்கு அமெரிக்க மத்தியச் சட்டத்தில அப்ப பாதுகாப்பு இருக்கேல்ல. சோலின்ர பொற்காலத்தில பெரும்பகுதி அந்தத் தேதிக்கு முந்தினது. 2018இலதான் சட்டத்தைத் திருத்தி, இணையத்தில ஒலிக்கிற பழைய பாட்டுக்கும் காசு வர ஓரளவு வழி செய்தவை. அமெரிக்காவில சாதாரண ரேடியோவில போட்டால் பாட்டு எழுதினவருக்குக் காசு, பாடினவருக்கு இண்டைக்கும் இல்லை.

கணேசன் அண்ணா, இதெல்லாம் காலம் செய்த வேலையோ?

கறார் கணேசன்:
1972 விஷயம் எனக்குப் புதிது. அதில் மறுபேச்சில்லை. பெயரும் பணமும் தராதது அநியாயம், அதை அநியாயம் என்றே சொல்லுவோம்.

ஆனால் என் கேள்வி அப்படியே இருக்கிறது. பணம் தர வேண்டியது கம்பெனியின் கடமை. நினைவில் வைப்பது கேட்கிறவன் விருப்பம். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி "நீ இவரைக் கேட்கவில்லை, நீ குற்றவாளி" என்று இளைஞர்களிடம் சொன்னால் ஒருவனும் கேட்க மாட்டான். என் மகளிடம் நான் ஜேமர்சனின் சாவைச் சொல்லிப் பயனில்லை. அந்த ஒற்றை விரல் என்ன செய்கிறது என்று காட்டினால் கேட்பாள்.

ஊசிமுனை:
அதை ஒப்புக்கொள்கிறேன். என் முதல் பதிவு அழுகையாகத்தான் இருந்தது.

ஆனால் கேட்கிறவன் விருப்பம் என்பது வெறும் காற்றில் உண்டாவதில்லை. ஓஹியோவில் டேட்டன் என்ற நடுத்தர ஊர். ஓஹியோ பிளேயர்ஸ், ஸ்லேவ், லேக்சைடு எல்லாம் அங்கிருந்து வந்த குழுக்கள். பக்கத்து ஹாமில்டன் ஊரிலிருந்து 'ஜாப்' (Zapp) என்ற குழு. ஒரே வட்டாரத்தில் இத்தனை ஃபங்க் குழு எப்படி? கார்த் தொழிற்சாலைகளில் அப்பா அம்மாவுக்கு நல்ல சம்பளம், பள்ளிக்கூடத்தில் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் கற்றுத்தர ஆசிரியர்கள். 'ஃபயர்' 1975-ல் பில்போர்டு முதலிடம், 'லவ் ரோலர்கோஸ்டர்' 1976-ல் முதலிடம். பத்தே வருஷத்தில் எல்லாம் தலைகீழ். டிரம் மெஷினும் சின்தசைசரும் வந்தபின் எட்டுப் பேருக்குச் சம்பளம் கொடுத்து ஊர் ஊராகக் கூட்டிப்போக யார் இருக்கிறார்கள்? 1979 ஜூலையில் சிகாகோ பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ தட்டுகளை வெடிவைத்து உடைத்தார்கள், கூட்டம் வீசிய தட்டுகளில் சோலும் ஃபங்க்கும் கலந்திருந்தன. தொடக்க காலத்தில் எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சி கறுப்பினக் கலைஞர்களை அரிதாகத்தான் காட்டியது. வழியை அடைத்துவிட்டு, ஏன் நீ நடந்து வரவில்லை என்று கேட்பதுபோல இருக்கிறது காலம் சலித்தது என்பது.

தாளக்கட்டு:
கணேசன் சார், மகளுக்குக் காட்ட ஒரு யோசனை. 'வாட்ஸ் கோயிங் ஆன்' பாட்டைப் போடுங்கள். முதல் தடவை குரலோடு கேட்கட்டும். இரண்டாவது தடவை குரலை விட்டுவிட்டு, அடியில் ஓடுகிற பேஸை மட்டும் வாயால் முணுமுணுத்துக்கொண்டே வரச் சொல்லுங்கள். பாதியில் வழி தவறுவாள், எல்லோரும் தவறுவோம். அந்த இடத்தில் நிறுத்தி, வாசித்தவர் பெயரைச் சொல்லுங்கள்.

கறார் கணேசன்:
செய்து பார்த்தேன். மகள் இரண்டாவது அடியிலேயே தவறிவிட்டாள், மறுபடி போடச் சொன்னாள். நான்கு தடவை கேட்டாயிற்று. ஜேமர்சன் வாசித்த வேறு என்ன பாட்டு இருக்கிறது என்று கேட்கிறாள். நிலா, ஒரு பத்து எழுதி அனுப்பம்மா. மேரி வெல்ஸ் அந்த வரிசையில் இல்லை என்று சொன்னதில் இன்னும் எனக்கு மாற்றமில்லை, ஆனால் 'மை கை' கட்டாயம் அதில் இருக்கட்டும்.

டொராண்டோ நிலா:
அனுப்புறன் அண்ணா. முதலாவதே அதுதான், அதிலயும் பேஸ் அவர்தான்.