காய்த்த கை

வேலூர்ப் பக்கத்து விளையாட்டு என்றால் பலருக்கும் எருது விடும் விழாதான் முதலில் நினைவுக்கு வரும். எங்கள் வீட்டில் நுழைந்தது பளுதூக்குதல். தூக்கியது என் மகள். அதற்காக ஊர்ப் பேச்சைக் கேட்டது நான்.

சத்துவாச்சாரியில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. எங்கள் ஊர் சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 2018இல் கோல்டுகோஸ்டிலும் தங்கம். என் கணவர் அந்தச் செய்திகளில் பதக்கத்தைவிட, அவர் ரயில்வேயில் வேலை பார்க்கிறார் என்பதைத்தான் கவனித்தார். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும் என்று மகனைப் பயிற்சிக்கு அனுப்பினோம். அவன் மூன்று மாதத்தில் நின்றுவிட்டான். தம்பிக்குத் துணையாகப் போய்க்கொண்டிருந்த அக்கா நிற்கவில்லை.

உறவினர்கள் விடவில்லை. கர்ப்பப்பை இறங்கிவிடும், தோள் அகன்றுவிடும் என்றார்கள். இரண்டு குடம் தண்ணீரை ஒன்றாகத் தூக்கி வந்த காலத்தில் என் கர்ப்பப்பையைப் பற்றி யாரும் விசாரித்ததாக நினைவில்லை. 2000இல் சிட்னி ஒலிம்பிக்கில் பளுதூக்கும் வீராங்கனை கர்ணம் மல்லேஸ்வரி மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கியதைச் சொல்லிப் பார்த்தேன். "அவர் ஆந்திராக்காரர்" என்றார் என் நாத்தனார். இதற்கு என்ன பதில் சொல்வது?

அவள் பழகிய கூடத்தில் பெண்களுக்கான கம்பியே இல்லை. ஆண்கள் கம்பி 20 கிலோ, 28 மில்லிமீட்டர் தடிமன். பெண்கள் கம்பி 15 கிலோ, 25 மில்லிமீட்டர். முதல் போட்டியில்தான் அந்த மெல்லிய கம்பியைக் கையில் பிடித்தாள். தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்நாட்சில் முதல் வாய்ப்பு: கம்பி தலைக்கு மேலே போய், நிற்காமல் பின்பக்கம் விழுந்தது. "கையில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது அம்மா" என்றாள். இரண்டாவதிலும் தவறிவிட்டது. மூன்றாவது முறை மேடையேறும் முன் சுண்ணாம்புப் பொடி போன்ற மெக்னீசியம் கார்பனேட்டை உள்ளங்கையில் அப்பித் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அந்த முறை கம்பி நின்றது. பதக்கம் எதுவும் வரவில்லை.

பிறகு ஒரு வரன் வந்தது. பெண் பார்க்க வந்த அன்று, பூ வைக்கிற சாக்கில் மாப்பிள்ளையின் அத்தை அவள் கையைப் பிடித்தார். ஒவ்வொரு விரலின் அடியிலும் பயறு அளவுக்குக் காய்ப்பு. தடவிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, கை இப்படிக் காய்த்திருக்கிறது?" என்றார். அவள் பதில் சொல்லுமுன் என் மாமியார் எழுந்து வந்தார். குடியாத்தத்தில் நாற்பது வருடம் பீடி சுற்றியவர். இலை வெட்டும் கத்தரி பிடித்துப் பிடித்து மரக்கட்டையாகிவிட்ட தன் கட்டைவிரலை அந்த அம்மாள் முன் நீட்டினார்.

"இதையும் தொட்டுப் பாருங்கள். இத்தனை வருடத்தில் இது ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை."

அந்த வரன் அமையவில்லை. கை காரணமல்ல, நகைக் கணக்கு ஒத்துவரவில்லை. மறுநாள் மாலை ஐந்து மணிக்கு அவள் பயிற்சிக்குக் கிளம்பியபோது, "அந்த மெல்லிய கம்பி வாங்கிவிட்டார்களா?" என்று பாட்டிதான் கேட்டார்.