‘லாக்கவுட்’ என்பதற்கு ‘விசையவிழ்ப்பு’: வைக்கோல் கட்டு இயந்திரக் கையேட்டுக்கான கலைச்சொல்

மதிப்பிற்குரிய குழு அன்பர்களுக்கு வணக்கம். பழுதுபார்க்கும்போது இயந்திரம் எதிர்பாராமல் ஓடிவிடாதபடி, அதன் விசையை முன்கூட்டியே பிரித்துத் தடுத்துவைக்கும் செயல்முறையே ‘லாக்கவுட்’. நாம் தமிழாக்கும் கையேட்டில் அதற்கு என்ன சொல் இடலாம் என்பது பற்றி அன்பர்கள் எழுதியவற்றை மேற்கோளாகக் காட்டி என் பதிலைத் தருகிறேன்.

> கத்தி மாற்றும் பகுதியில் ‘லாக்கவுட்’ வரும் இடங்களில் எல்லாம் ‘கதவடைப்பு’ என்று போட்டிருக்கிறேன். அகராதியில் அப்படித்தான் உள்ளது.

அகராதியில் அப்படி இருப்பது உண்மையே. ஆனால் அது தொழில் தகராறுக்கு உரிய சொல். நிர்வாகம் தொழிலாளரை உள்ளே விடாமல் ஆலையை மூடுவதை நாளிதழ்கள் அந்தப் பெயரால் எழுதிப் பழக்கிவிட்டன. வைக்கோல் கட்டும் இயந்திரத்தில் இச்சொல் பொருந்தாமல் போவதோடு நிற்காது, ஆபத்தையும் உண்டாக்கும். அறுவடை இயந்திரம் விட்டுச்சென்ற வைக்கோலைச் சுருட்டி உருளையாகக் கட்டும் இயந்திரத்துக்குப் பின்புறம் உண்மையிலேயே ஒரு கதவு உண்டு. கட்டி முடித்த உருளை வெளியே விழுவதற்காக அது எண்ணெய் அழுத்தத்தால் மேலே தூக்கப்படும். ‘கதவடைப்புக்குப் பின்னரே கத்தியைத் தொடவும்’ என்று படிக்கும் ஓட்டுநர், பின்கதவை இறக்கி மூடிவிட்டு, டிராக்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே கைவிட்டால் அவரைக் குறைசொல்ல நமக்கு உரிமை இல்லை.

சொல்லைத் தேடுமுன், அது எதைக் குறிக்க வேண்டும் என்பதில் நாம் உடன்பட்டாக வேண்டும். அமெரிக்காவில் ஆலைகளுக்கான லாக்கவுட் விதி 1989-இல் வெளியானது. அது வேளாண் பணிகளுக்குப் பொருந்தாது. வயல் இயந்திரங்களுக்கு அங்கே 1976-ஆம் ஆண்டின் தனி விதி உள்ளது. பழுதுபார்ப்பதற்கோ, சிக்கிய வைக்கோலை எடுப்பதற்கோ முன்பு எஞ்சினை நிறுத்த வேண்டும், விசை வரும் வழியைப் பிரிக்க வேண்டும், எல்லா அசைவும் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும் என்று அது கூறுகிறது. நம் சொல்லும் இந்த மூன்றையும் தாங்க வேண்டும், குறிப்பாக மூன்றாவதை. ஏனெனில் கையை இழப்பவர்களில் பலர் எஞ்சினை நிறுத்தியவர்களே. டிராக்டரின் விசையை இயந்திரத்துக்குக் கொண்டுசெல்லும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு ஒன்பது சுற்று சுழல்கிறது. வைக்கோல் கட்டைப் பிரித்து நறுக்கும் கனமான கத்தி உருளை, விசை நின்ற பிறகும் தன் வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். சத்தம் அடங்கிவிடுவதால் அது நின்றுவிட்டது என்றே காது நம்பிவிடுகிறது. இந்த மிச்ச ஓட்டத்துக்கு ‘எஞ்சு சுழற்சி’ என்று சென்ற வாரம் ஓர் அன்பர் எழுதியதை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன்.

> ‘விசைத்துண்டிப்பு’ என்றால் எல்லோருக்கும் புரியுமே?

புரியும். ஆனால் ‘துண்டிப்பு’ என்றவுடன் நம் மக்களுக்கு நினைவுக்கு வருவது மின்துண்டிப்பு. அது தானாகப் போய், சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வரும். மின்மோட்டாரில் ஓடும், தீவனத் தட்டை வெட்டும் இயந்திரத்தில், மின்சாரம் போன நேரத்தைப் பயன்படுத்திக் கத்தியைத் துடைக்கப்போய், சுவிட்சை அணைக்க மறந்து, மின்சாரம் திரும்பியபோது விரல்களை இழப்பது நிகழக்கூடிய விபத்து. எதைத் தடுக்க வேண்டுமோ அதையே நினைவூட்டும் சொல்லை எச்சரிக்கையில் வைக்கலாகாது.

பரிந்துரைகளில் ‘பூட்டுநிறுத்தம்’, ‘இயக்கப்பூட்டு’ ஆகிய இரண்டும் சொல்லாக்க முறையில் குறையற்றவை. ஆயினும் உழவர் வழக்கில் ‘பூட்டு’ என்பதன் முதற்பொருளை நாம் மறந்துவிட்டோம். ஏர் பூட்டுதல், வண்டி பூட்டுதல் என்றால் வேலையைத் தொடங்குதல். டிராக்டரோடு கலப்பையையோ கட்டு இயந்திரத்தையோ இணைப்பதையும் இன்று ‘பூட்டுதல்’ என்றே சொல்கிறார்கள். ஈழத்து வழக்கில் கழற்றிய உறுப்புகளைத் திரும்பப் பொருத்துவதும் பூட்டுவதுதான். ‘இயந்திரத்தைப் பூட்டிவிட்டீர்களா?’ என்ற கேள்விக்கு, பி.டி.ஓ. தண்டை மாட்டி வைத்திருப்பவர் ‘பூட்டியாகிவிட்டது’ என்று நேர்மையாகவே பதில் சொல்லக்கூடும். மின்பலகையில் மாட்டும் இரும்புப் பூட்டைப் பூட்டு என்றே அழைப்போம். செயல்முறையின் பெயரில் மட்டும் அது வேண்டாம்.

எனவே அதே வழக்கின் மறுபாதியை எடுத்துக்கொண்டு, ‘விசையவிழ்ப்பு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். விசைத்தறி, விசைப்படகு, விசைத்தெளிப்பான் ஆகியவற்றால் ‘விசை’ என்பது இயந்திர ஆற்றல் என்ற பொருளில் ஊரெங்கும் வேரூன்றிவிட்டது. ஏர் அவிழ்த்தல், வண்டி அவிழ்த்தல் என்பவற்றில் ‘அவிழ்’ என்பது இழுக்கும் ஆற்றலைக் கருவியிலிருந்து பிரிப்பதைக் குறிக்கிறது. வண்டியை அவிழ்ப்பவர் மாட்டைப் பிரித்ததோடு போய்விடுவதில்லை. நுகத்தடி சாயாமல் முட்டுக் கொடுத்த பிறகே நகர்கிறார். நமக்கு வேண்டிய செயல்முறையும் இதுவே. எஞ்சினை நிறுத்திச் சாவியைச் சட்டைப்பையில் வைத்து, பி.டி.ஓ. தண்டைக் கழற்றுவது அவிழ்த்தல். எஞ்சு சுழற்சி நிற்கும்வரை காத்திருப்பது ஓயவிடல். தூக்கிய கதவு இறங்காதபடி எண்ணெயை நிறுத்தும் அடைப்பு வால்வை மூடுவதும், கத்தி உருளை திரும்பாமல் மரக்கட்டையால் தடுப்பதும் முட்டுக்கொடுத்தல். மூன்றும் சேர்ந்ததே விசையவிழ்ப்பு.

‘அவிழ்த்துவிடு’ என்பது கட்டுப்பாடின்றி ஏவிவிடும் பொருளைத் தரும் என்ற மறுப்பு எழும். அந்தப் பொருள் ‘விடு’ என்ற துணைவினை சேர்வதால் வருவது. ஆகவே கையேட்டில் ‘விசையை அவிழ்த்துவிட்டு’ என்று ஓரிடத்திலும் எழுதக்கூடாது; ‘விசையவிழ்த்த பின்’ என்றே எழுத வேண்டும். ‘முற்றடக்கம்’ என்ற பரிந்துரையை, நல்லடக்கத்தின் சாயல் இருப்பதால் மட்டுமே தள்ள வேண்டியுள்ளது.

சொல் வாக்கியத்தில் நடக்கிறதா என்று பார்க்க, கையேட்டின் இரு பத்திகளை எழுதிப் பார்த்தேன்.

‘கத்தி மாற்றுதல்: விசையவிழ்ப்பு முடிந்த பின்னரே காப்பு மூடியைத் திறக்கவும். ஒரு கத்தியை அசைத்தால் அதே உருளையிலுள்ள மற்றக் கத்திகளும் சேர்ந்து திரும்பும். ஆகவே போல்ட்டைத் தளர்த்துமுன், உருளைக்குக் கொடுத்த முட்டு உறுதியாக இருப்பதைப் பார்க்கவும். தேய்ந்த கத்தியோடு அதன் நேரெதிர்க் கத்தியையும் மாற்றவும். ஒன்றை மட்டும் மாற்றினால் எடை ஏறுமாறாகி உருளை அதிரும்.’

‘சங்கிலி: ஓடும் சங்கிலிக்கு எண்ணெய் விடவோ, துணியால் துடைக்கவோ கூடாது. விசையவிழ்த்து, இழுவை வில்லை, அதாவது சங்கிலியை இறுக்கி வைக்கும் ஸ்பிரிங்கை, தளர்த்திய பின் சங்கிலியைக் கழற்றவும். கண்ணிகளை நீட்டி அளக்கும்போது நீளம் 3 விழுக்காடு கூடியிருந்தால் புதியது மாற்றவும், 19.05 மி.மீ. இடைவெளி கொண்ட சங்கிலியில் 12 கண்ணிகள் 228.6 மி.மீ. இருக்க வேண்டும், ஏறத்தாழ 235 மி.மீ. தொட்டால் அதன் ஆயுள் முடிந்தது.’

இரண்டாவது பத்தியில் வில்லைத் தளர்த்துவதும் விசையவிழ்ப்புக்குள் அடங்குமா, தனிப் படியா என்பதை நான் முடிவு செய்யவில்லை. முறுக்கேறிய வில்லும் தேங்கிய விசைதான். ஆனால் அதைத் தளர்த்தவே காப்பு மூடியைத் திறந்தாக வேண்டும். மூடி திறக்குமுன் முடிய வேண்டியதே விசையவிழ்ப்பு என்று வரையறுத்தால் வில் வெளியே நிற்கும். தனிப் படியாக வைப்பதே தெளிவு என எண்ணுகிறேன். பட்டறையில் சங்கிலி மாற்றும் அன்பர்கள் இதில் தம் கருத்தை எழுதினால், வரையறையை அடுத்த மடலில் திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்.