பெர்னாண்டோ என்றால் எந்த பெர்னாண்டோ?

கொழும்பு கொட்டாஞ்சேனை லூசியா கோயிலுக்குப் பூசைக்குப் போகிறவர்களுக்கு இது புதிதல்ல. ஒருவர் தன்னை பெர்னாண்டோ என்று சொன்னால் யாரும் அதோடு விடமாட்டார்கள். நீர்கொழும்பா, மன்னாரா, தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்த பரதவர் என்னும் கடலோரச் சமூகமா, இல்லை சிங்களமா என்று விசாரித்த பிறகுதான் மனம் ஆறும். பெரேரா, டயஸ், குரூஸ் எல்லோருக்கும் இதே கதிதான்.

என் கணவர் பரதவர், பெர்னாண்டோ. முத்துக்குளித்துறை என்கிற தூத்துக்குடிக் கரையோரத்துப் பரதவர்கள் 1530களில் ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றபோது வந்து ஒட்டிய போர்த்துக்கேயப் பெயர்கள் இவை. புனித பிரான்சிஸ் சவேரியார் அங்கே வந்தது 1542இல், அதற்கும் முந்திய கதை. இலங்கைக் கரையோரச் சிங்களவருக்கும் அதே போர்த்துக்கேயர் அதே பெயர்களைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதனால் எந்த அலுவலகக் கவுண்டருக்குப் போனாலும் இவரோடு சிங்களத்தில்தான் பேச்சைத் தொடங்குவார்கள். ஓர் அலுவலகத்தில் கேட்காமலேயே இனம் என்ற இடத்தில் சிங்களம் என்று நிரப்பிவிட்டார்கள். சண்டைக் காலத்தில் சோதனைச் சாவடிகளில் அந்தப் பெயர் இவருக்குக் கைகொடுத்ததும் உண்மை. பக்கத்தில் நின்ற எனக்குத்தான் கேள்வி மேல் கேள்வி.

ஏனென்றால் நான் யாழ்ப்பாணம், பாசையூர். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அங்கேயும் 1619 முதல் 1658 வரை போர்த்துக்கேயர்தான் ஆண்டார்கள். ஆனாலும் எங்கள் பக்கம் பெரும்பாலும் நிலைத்தவை தமிழாகிப்போன புனிதர் பெயர்கள்: இராயப்பு, சூசைப்பிள்ளை, சவிரிமுத்து, பஸ்தியாம்பிள்ளை, சந்தியாப்பிள்ளை. தகப்பன் பெயர்தான் பிள்ளைக்குப் பின்பெயர். தாத்தா இராயப்பு, அப்பாவுக்குப் பின்பெயர் இராயப்பு, எனக்கு அப்பாவின் பெயர். கனடாவுக்குப் போன அண்ணா மட்டும் பாஸ்போர்ட் சிக்கலைத் தவிர்க்க இராயப்பு என்பதையே குடும்பப் பெயராகப் பதிந்துவிட்டார். இப்போது அவருடைய மகளைப் பள்ளியில் மிஸ் இராயப்பு என்கிறார்களாம். தாத்தா கேட்டிருந்தால் சிரித்தே செத்திருப்பார்.

கலியாணம் பேச வந்தபோது மாமி கேட்ட முதல் கேள்வி, "உங்கட குடும்பப் பேர் என்ன?" அம்மா சளைக்கவில்லை. "பேர் என்னத்துக்கு? பாசையூர் அந்தோனியார் கோயிலடி எண்டு கேட்டுப் பாருங்கோ, சொல்லுவினம்." மாமிக்கு அது பதிலாகவே படவில்லை. பெயரைக் கேட்டவுடன் ஆளை எடைபோட்டுப் பழகியவர். உண்மையில் அந்தப் பெயர்கள் பூர்வீகத்தைச் சொல்வதில்லை. 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக அறிவித்த, இலங்கையில் பணியாற்றிய குரு யோசேப் வாஸ் அடிகளாருக்கும் போர்த்துக்கேயப் பெயர்தான். ஆள் கோவாக் கொங்கணி. மறுபக்கம், கொழும்புச் செட்டிகள் என்ற சமூகத்தில் காசிச்செட்டி என்றே பெயர் வைத்திருக்கும் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள்.

மகள் பிறந்தபோது யாழினி என்று வைக்க ஆசைப்பட்டோம். மாமி, புனிதர் பெயர் இல்லாமல் ஞானஸ்நானமா என்று குதித்தா. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் அப்படித்தான் எதிர்பார்த்தது. 1983இல் வந்த சட்டம், கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயராக இருக்கக் கூடாது என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. ஃபாதர் இதைப் பொறுமையாக விளக்கினார். மாமி கேட்கவில்லை. சரி என்று யாழினி தெரேசா ஆக்கினோம். இன்றுவரை மாமிக்கு அவள் தெரேசாதான்.

பெயர் வைக்கப்போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பிறப்புச் சான்றிதழில் தெரேசா, ஞானஸ்நானச் சான்றிதழில் திரேசம்மா என்று எழுதித் தந்துவிட்டார்கள். கத்தோலிக்கப் பள்ளியில் சேர்க்க இரண்டையும் கேட்டார்கள். கடைசியில் சமாதான நீதவானிடம் போய், இரண்டு பெயரும் ஒரே பிள்ளைக்குரியவை என்று சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்த பிறகுதான் விண்ணப்பத்தை எடுத்தார்கள். சான்றிதழைக் கையில் வாங்கியவுடன், கோயில் வாசலைத் தாண்டுவதற்கு முன்னரே எழுத்தெழுத்தாகப் பார்த்துவிடுங்கள்.