டேப்லெட்டா, லேசான லேப்டாப்பா? பத்து மணி நேரம் சார்ஜ் போடாம எது தாங்கும்?

பொருநை_வாசகி:
எல்லாருக்கும் வணக்கம். டெல்லி ஓல்டு ராஜிந்தர் நகர்ல தங்கி யுபிஎஸ்சிக்குப் படிக்கிறேன். காலைல 8 மணிக்குப் போனா ராத்திரி வரைக்கும் லைப்ரரிதான். எல்லா சீட்டுக்கும் பிளக் பாயிண்ட் கிடையாது, இருக்கிற சீட்டுக்கு வாடகை கூட. அதனால ஒரு தடவை சார்ஜ் போட்டா 10 மணி நேரம் ஓடணும். சுமாரா 6 மணி நேரம் பிடிஎஃப் வாசிப்பு, 3 மணி நேரம் வகுப்பு வீடியோ, 1 மணி நேரம் நோட்ஸ் டைப் பண்றது. இதுதான் ஒரு நாள் வேலை.

மனசுல இருக்கிறது நாலு: சாம்சங் டேப் எஸ்9 எஃப்இ, ஐபேட் ஏர் 11, மேக்புக் ஏர் 13, இல்லன்னா நேரு பிளேஸ் கம்ப்யூட்டர் மார்க்கெட்ல பழைய திங்க்பேட் லேப்டாப். டேப்லெட்னா போன் மாதிரி, ரொம்ப நேரம் தாங்கும்னு கூட இருக்கிறவங்க சொல்றாங்க. ஆனா ஆப்பிள் வெப்சைட்ல ஐபேடுக்கு 10 மணி நேரம், மேக்புக் ஏருக்கு 15 மணி நேரம்னு போட்டிருக்கான். எது சரி? மே மாச வெயில்ல மொட்டை மாடி ரூம்ல வெச்சா பேட்டரி என்ன ஆகும்? ஊருக்குப் போறப்ப தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ல ரெண்டு ராத்திரி போகணும், அதையும் சேர்த்துச் சொல்லுங்க.

வாட்_கணக்கு:
மணி நேரத்தைப் பார்க்காதீங்க. பேட்டரியில எத்தனை வாட்-அவர் (உள்ள சேர்த்து வெச்சிருக்கிற மொத்த மின்சாரம்) இருக்கு, உங்க வேலைக்கு எத்தனை வாட் இழுக்குது, இந்த ரெண்டுதான் கணக்கு. முதலாவதை ரெண்டாவதால வகுத்தா மணி நேரம் வந்துடும்.

ஐபேட் ஏர் 11 (எம்2) பேட்டரி 28.93 வாட்-அவர். மேக்புக் ஏர் 13 (எம்2, எம்3) பேட்டரி 52.6. சாம்சங் எம்ஏஎச்ல (மில்லி ஆம்பியர்-அவர்) சொல்றான், 8000 எம்ஏஎச். அதை செல்லோட சராசரி வோல்டேஜ் 3.85ஆல பெருக்கி 1000ஆல வகுத்தா 30.8 வாட்-அவர். எம்ஏஎச்சை எம்ஏஎச்சோட மட்டும் ஒப்பிட்டா ஏமாந்து போவீங்க. லேப்டாப் பேட்டரியில செல்களைத் தொடரா கோத்திருப்பாங்க, அதனால எம்ஏஎச் குறைவாத் தெரியும், உள்ள சரக்கு கூட இருக்கும்.

இப்ப ஆப்பிள் சொன்ன மணி நேரத்தையே வகுத்துப் பாருங்க. ஐபேட்: 28.93 வகுத்தல் 10, அதாவது 2.9 வாட். மேக்புக்: 52.6 வகுத்தல் 15, அதாவது 3.5 வாட். ரெண்டுமே வைஃபைல வெப் பார்க்கிறதுக்கான கணக்கு, ரெண்டுலயும் பிரைட்னஸ் பாதி. வித்தியாசம் அரை வாட்டுக்குப் பக்கம், ஆனா பேட்டரி ஏறக்குறைய ரெண்டு மடங்கு. டேப்லெட் அதிகம் தாங்கும்ங்கிறது பழைய இன்டெல் லேப்டாப் காலத்துப் பேச்சு. அப்ப லேப்டாப் சும்மா இருந்தாலே 5, 6 வாட் இழுக்கும். கரண்ட் குறைவா இழுக்கிற சிப் வந்தப்புறம், அதாவது ஆப்பிள் எம் வரிசை, 2024ல வந்த ஸ்னாப்டிராகன் எக்ஸ், அதுக்கப்புறம் இன்டெலோட கோர் அல்ட்ரா 200வி இதெல்லாம் வந்தப்புறம், அந்த இடைவெளி பெரும்பாலும் அடைஞ்சுபோச்சு.

உங்க நாளுக்கு ஒரு தோராயக் கணக்கு, பிரைட்னஸ் பாதியில:

டேப் எஸ்9 எஃப்இ: பிடிஎஃப் 2.5 வாட் வீதம் 6 மணிக்கு 15, டவுன்லோட் பண்ணின வீடியோ 3 வாட் வீதம் 3 மணிக்கு 9, டைப்பிங் 3.5. மொத்தம் 27.5, கையில 30.8. புதுசுல சரியாப் போகும், ஆனா இடம் இல்ல. பேட்டரி 85 சதவீதத்துக்கு இறங்கினா கையில 26தான், பொழுது சாயுறப்ப அணைஞ்சுடும்.

மேக்புக் ஏர்: 3.5 வீதம் 21, வீடியோ 4 வீதம் 12, டைப்பிங் 4. மொத்தம் 37, கையில 52.6. 85 சதவீதத்துக்கு இறங்கினாலும் கையில 44க்கு மேல இருக்கும்.

பழைய திங்க்பேட், 50 வாட்-அவர் பேட்டரி புதுசாவே போட்டிருக்குன்னு வெச்சுக்குங்க: 6 வீதம் 36, வீடியோ 7 வீதம் 21, டைப்பிங் 6. மொத்தம் 63. மத்தியானத்துக்கு மேல பிளக் தேடணும்.

வாங்கினப்புறம் நீங்களே அளக்கலாம். 90 சதவீதத்துல சார்ஜரை எடுத்துட்டு, ஒரே வேலையை ஒரு மணி நேரம் செய்யுங்க. எத்தனை சதவீதம் குறைஞ்சதோ அதை வாட்-அவரோட பெருக்குங்க. 30.8ல 8 சதவீதம் குறைஞ்சா 2.5 வாட். 100லேர்ந்து ஆரம்பிக்காதீங்க, அந்த மேல் நுனியில மீட்டர் கொஞ்ச நேரம் அசையாம நிக்கும், கணக்கு தப்பும்.

நேரு_பிளேஸ்_மெக்கானிக்:
மேல போட்ட கணக்கு சரி. ஆனா அது மூடி பையில வெச்ச நேரத்தைச் சேர்க்கல. விண்டோஸ் லேப்டாப்ல நிறைய பேர் அடிபடறது அங்கதான்.

புது விண்டோஸ் மெஷின்கள்ல மூடியை மூடினா முழுசாத் தூங்காது. மாடர்ன் ஸ்டாண்ட்பைனு ஒண்ணு, போன் மாதிரி அரைத்தூக்கம். மெயில், அப்டேட்னு ஏதாவது ஒண்ணு எழுப்பிவிட்டா பைக்குள்ளேயே ஓடிச் சூடாகும். ராத்திரி 80ல வெச்சது காலையில 50ல நிக்கும். இதுக்கு வழி: கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், மூடியை மூடினா என்ன செய்யணும்ங்கிற இடத்துல ஸ்லீப்பை எடுத்துட்டு ஹைபர்னேட் (திறந்திருக்கிற வேலையை டிஸ்க்ல சேமிச்சுட்டு முழுசா அணையறது) வெச்சிருங்க. திரும்ப எழ 10, 15 செகண்ட் ஆகும், பரவாயில்ல, சார்ஜ் போகாது. ஹைபர்னேட் லிஸ்டுல இல்லன்னா அட்மின் கமாண்ட் பிராம்ப்ட்ல அதை ஆன் பண்ணணும். டேப்லெட், மேக்புக் ரெண்டுலயும் இந்தத் தலைவலி குறைவு.

பழசு வாங்கறதா இருந்தா கடையிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்காம காசு கொடுக்காதீங்க. கமாண்ட் பிராம்ப்ட்ல பவர்சிஎஃப்ஜி கட்டளையோட பேட்டரிரிப்போர்ட் ஆப்ஷனைக் கொடுத்தா ஒரு எச்டிஎம்எல் ஃபைல் விழும். அதுல டிசைன் கெபாசிட்டி (புதுசுல இருந்தது), ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி (இப்ப நிக்கிறது) ரெண்டையும் பாருங்க. ரெண்டாவது முதலாவதுல 75 சதவீதத்துக்குக் கீழ இருந்தா பேட்டரி விலையைக் கழிச்சுக் கேளுங்க. ரெண்டும் அச்சு அசலா ஒண்ணா இருந்து, சைக்கிள் கவுண்ட் (முழு சார்ஜ் அளவு எத்தனை தடவை செலவாகியிருக்குங்கிற எண்ணிக்கை) வெறுமையாவோ 0ன்னோ இருந்தா இன்னும் உஷாரா இருங்க. பல டூப்ளிகேட் பேட்டரியில சர்க்யூட் இப்படித்தான் சொல்லும். 40 சதவீதம் காட்டிட்டு இருக்கும்போதே படக்குனு அணையும். கடையிலேயே சார்ஜரைப் பிடுங்கிட்டு 20 நிமிஷம் வீடியோ ஓட விட்டுப் பாருங்க, சதவீதம் சீரா இறங்கணும், குதிக்கக் கூடாது.

மேக்புக்னா ஆப்ஷன் கீயை அழுத்திக்கிட்டே ஆப்பிள் மெனுவைத் திறந்து சிஸ்டம் இன்ஃபர்மேஷன், அதுல பவர். சைக்கிள் கவுண்ட் அங்க இருக்கும். 1000 சைக்கிள் வரைக்கும் 80 சதவீதம் நிக்கிற மாதிரி ஆப்பிள் கணக்கு வெச்சிருக்கு.

பழைய திங்க்பேட்ல டி480 மட்டும் தனி ரகம். உள்ள ஒரு 24 வாட்-அவர் பேட்டரி, பின்னால கழட்டி மாட்டற பேட்டரி 24, 48 இல்லன்னா 72. மெஷினை அணைக்காமலே பின்னாலதை மாத்தலாம். 72ஐ மாட்டினா மொத்தம் 96, கணக்குப்படி உங்க நாள் தாங்கும். ஆனா ஒன்றரைக் கிலோவுக்கு மேல, லேசுன்னு சொல்ல முடியாது. 8ஆம் தலைமுறை இன்டெல், ஏவி1ங்கிற புது வீடியோ ஃபார்மேட்டை சிப்லயே பிரிக்கிற வசதி கிடையாது. யூடியூப் ஏவி1ல அனுப்பினா ப்ராசசரே உக்காந்து பிரிக்கும், ஃபேன் சுத்தும், பேட்டரி கரையும்.

வெயில் விஷயம்: பேட்டரியைக் கொல்றது ரெண்டு சேர்க்கை, சூடும் முழு சார்ஜும். ஆப்பிள் தன் ஐபேடையும் மேக்புக்கையும் 35 டிகிரி வரைக்கும்தான் பயன்படுத்தச் சொல்லுது. டெல்லி மே மாசம் 45ஐத் தொடும், மாடி ரூம்ல சுவர் ராத்திரியும் சுடும். அதனால ராத்திரி முழுக்க சார்ஜ்ல போட்டுட்டுத் தூங்காதீங்க. மெத்தை மேல வெச்சு சார்ஜ் பண்ணாதீங்க, தரையில கல்லு மேல வைங்க. சாம்சங்ல பேட்டரி புரொடெக்‌ஷன்ல 80 சதவீத வரம்பு இருக்கு, ஐபேட் ஏர் எம்2லயும் 80 வரம்பு இருக்கு, லெனோவா ஐடியாபேட்ல கன்சர்வேஷன் மோடு, திங்க்பேட்ல சார்ஜ் த்ரெஷோல்ட். லைப்ரரி இல்லாத நாள்ல அதை ஆன் பண்ணி வைங்க, நாள் முழுக்க வெளிய இருக்கப் போற அன்னிக்கு மட்டும் காலையில 100 ஏத்திக்குங்க.

கடைசியா செலவு. லேப்டாப் பேட்டரி பெரும்பாலும் அடியில ஸ்க்ரூ கழட்டினா வந்துடும். டேப்லெட்ல கண்ணாடியை ஹீட் மேட்ல சூடாக்கி, ஒட்டைப் பிரிச்சு, அதுக்கப்புறம்தான் பேட்டரி. கண்ணாடி உடையற அபாயம் உங்க தலையில. மூணு வருஷத்துக்கு மேல வெச்சுக்கப் போறீங்கன்னா இதையும் விலையோட கூட்டிப் பாருங்க.

பொருநை_வாசகி:
ரொம்ப நன்றி அண்ணா, ரெண்டு பேருக்கும். ஆனா பிடிஎஃப்ல பேனாவால கோடு போட்டுப் படிக்கிறது என் பழக்கம், அதுக்கு டேப்லெட்தான் வசதி. டார்க் மோடு போட்டா டேப்லெட் இன்னும் தாங்காதா?

மயூர்_விஹார்_அக்கா:
ஸ்கிரீனைப் பொறுத்ததும்மா. டேப் எஸ்9 எஃப்இல எல்சிடி, ஐபேட் ஏர்லயும் எல்சிடி. எல்சிடில பின்னால இருக்கிற லைட் எப்பவும் எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும், கருப்பைக் காட்டினாலும் அதே செலவு. டார்க் மோடு கண்ணுக்கு இதமா இருக்கலாம், பேட்டரிக்கு ஒண்ணும் கிடையாது. பிரைட்னஸைக் குறைச்சாத்தான் மிச்சம்.

அமோலெட் ஸ்கிரீன் (எஃப்இ இல்லாத டேப் எஸ்9ல இருக்கிறது) வேற. அதுல ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும். கருப்புப் படம் ஓடினா செலவு குறையும், வெள்ளைப் பக்கம் திறந்தா ஏறும். நீங்க 6 மணி நேரம் பார்க்கப் போறது வெள்ளைப் பக்கம். அதனால அமோலெட் வாங்கினா பிடிஎஃப் ஆப்ல பக்கத்தின் நிறத்தையே தலைகீழாக்கற நைட் மோடு இருக்கான்னு பாருங்க. டேப்லெட்டோட டார்க் மோடு மெனுவைத்தான் கருப்பாக்கும், பிடிஎஃப் பக்கம் வெள்ளையாவே நிக்கும்.

சாம்சங்ல மோஷன் ஸ்மூத்னஸ்னு ஒண்ணு இருக்கும், அதை ஸ்டாண்டர்டுக்கு மாத்துங்க. நொடிக்கு 60 தடவை போதும், வாசிக்கிறதுக்கு வேகம் தேவையில்ல. வகுப்பு வீடியோவை முதல் நாளே வைஃபைல இறக்கி வைங்க. லைப்ரரிக்குள்ள சிக்னல் ஒரு கோடு நிக்கிறப்ப ஸ்ட்ரீம் பண்ணினா ரேடியோ முழு பலத்தோட கத்தும், போன் ஹாட்ஸ்பாட்னா போன் பேட்டரியும் சேர்ந்து போகும். வீடியோ கால் வகுப்பு இருந்தா கணக்கு இன்னும் மாறும். கேமரா, மைக், ரெண்டு பக்க டேட்டான்னு எல்லாமே ஒரே நேரத்துல ஓடும்.

பேனா விஷயத்துல சாம்சங்குக்கு ஒரு மார்க் கூட. எஸ் பென் எழுதறதுக்கு சார்ஜே வேண்டாம். ஐபேடோட பென்சில் புரோ டேப்லெட் ஓரத்துல ஒட்டி, அதோட பேட்டரியிலேர்ந்துதான் சார்ஜ் ஏத்தும். ரொம்பக் கொஞ்சம்தான், ஆனாலும் சொல்லணும். மேஜிக் கீபோர்டும் ஐபேட்லேர்ந்துதான் கரண்ட் எடுக்கும். எடையும் பாருங்க: ஐபேட் ஏர் 11 462 கிராம், கீபோர்டு அரைக் கிலோவுக்கு மேல, சேர்ந்தா ஒரு கிலோவைத் தாண்டும். மேக்புக் ஏர் 1.24 கிலோ. தோளுக்குப் பெரிய வித்தியாசம் இல்ல. மெயின்ஸ் விடை எழுதிப் பழகறதை எப்படியும் காகிதத்துலதான் செய்யணும், கண்ணாடி மேல எழுதிப் பழகினா பரீட்சை ஹால்ல கை ஓடாது. அதனால டைப்பிங் ஒரு மணி நேரம்தான்னா கீபோர்டு கவருக்குப் பெரிய காசு போடாதீங்க, ஒரு ப்ளூடூத் கீபோர்டு போதும்.

கோடு போட்டுப் படிக்கிறது உங்களுக்கு முக்கியம்னா டேப்லெட்டையே வாங்கிட்டு, மிச்சக் காசுல நல்ல பவர்பேங்க் ஒண்ணு வாங்குங்க. மேல போட்ட கணக்குல பேட்டரி பழசானாலும் டேப்லெட்டுக்குக் குறையறது ஒண்ணு, ரெண்டு வாட்-அவர்தான்.

வாட்_கணக்கு:
அக்கா சொல்றதை ஒத்துக்கறேன், பவர்பேங்கை மட்டும் சரியாப் பார்த்து வாங்கணும். 20,000 எம்ஏஎச்னு போட்டிருந்தா அது உள்ள 3.7 வோல்ட்ல, அதாவது 74 வாட்-அவர். வோல்டேஜ் மாத்தறதுலயும் கேபிள்லயும் போனது போக கையில 60 போலத்தான் வரும். டேப்லெட்டுக்கு ரெண்டு தடவைக்குப் பக்கம், மேக்புக் ஏருக்கு ஒரு தடவை.

டேப்லெட் மட்டும்னா 20 வாட் பிடி (பவர் டெலிவரி, யூஎஸ்பி-சில வேகமா ஏத்தற முறை) அவுட்புட் உள்ளது போதும். விண்டோஸ் லேப்டாப்புக்கு 45 இல்லன்னா 65 வாட் வேணும். 18 வாட் பவர்பேங்கை சொருகினா ஸ்லோ சார்ஜர்னு ஒரு எச்சரிக்கை வரும், சில மாடல் ஏத்தவே மாட்டேன்னு சொல்லிடும். மேக்புக் ஏர் அந்த விஷயத்துல சாது, குறைஞ்ச வாட்லயும் மெதுவா ஏத்திக்கும். சி டு சி கேபிள் (ரெண்டு முனையும் யூஎஸ்பி-சி) வாங்கறப்ப 60 வாட்னாவது எழுதியிருக்கான்னு பாருங்க. யூஎஸ்பி-ஏ முனை உள்ள கேபிள்ல பிடி வேலை செய்யாது, ரொம்ப மெதுவாத்தான் ஏறும்.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ல சுமார் 33 மணி நேரம். ராத்திரி 11லேர்ந்து காலை 5 வரைக்கும் சார்ஜிங் பாயிண்டுக்குக் கரண்டை நிறுத்தி வைப்பாங்க, தீ விபத்துக்குப் பயந்து. அதனால ஏத்தறதெல்லாம் 11 மணிக்குள்ள முடிச்சிருங்க. ரயில் சாக்கெட் பல பெட்டியில தளர்ந்திருக்கும். கனமான அடாப்டர் நேரா மாட்டினா நழுவி விழும், பிளக்குக்கும் அடாப்டருக்கும் நடுவுல வயர் வர மாதிரி உள்ளது வசதி. விமானத்துல போனா பவர்பேங்க் கைப்பையிலதான் இருக்கணும், செக்-இன் பெட்டியில போடக் கூடாது. 100 வாட்-அவருக்கு மேல உள்ளதுக்கு ஏர்லைன் அனுமதி வேணும். உங்க 74க்கு அது தேவையில்ல, ஆனா மேல எழுத்து அழிஞ்சு கெபாசிட்டி தெரியலன்னா செக்யூரிட்டில எடுத்து வெச்சுக்குவாங்க. வாட்-அவர் தெளிவா அச்சடிச்சிருக்கிறதைப் பார்த்து வாங்குங்க.