28 வாரக் கர்ப்பம், விடாத வறட்டு இருமல்: குழந்தைக்கு அதிர்ச்சி போகுமா?

கேள்வி:
அஞ்சு நாளா வறட்டு இருமல். காய்ச்சல் இல்லை. ராத்திரி படுத்தா அதிகமாகுது. இருமும்போது அடிவயிறு சுருக்குன்னு இழுக்குது, சிறுநீரும் கொஞ்சம் கசியுது. உள்ளே குழந்தை குலுங்குமா? அத்தை ஆடாதொடைக் கஷாயம் வச்சுத் தரேங்கிறாங்க, குடிக்கலாமா?

பதில் 1:
பயப்படாதீங்க சிஸ்டர். குழந்தை பனிக்குட நீரில் மிதக்குது. இருமும்போது ஏறுற அழுத்தத்தை அந்த நீர் எல்லாப் பக்கமும் பரப்பிடும். இருமலால மட்டும் பிரசவ வலி வந்துடாது. சுருக்குன்னு இழுப்பது பெரும்பாலும் கருப்பையைத் தாங்குற தசைநார்தான். இருமல் வர்றப்ப உட்கார்ந்து முன்னால லேசா குனிஞ்சு, ஒரு தலையணையை வயித்தோட அணைச்சுக்குங்க. கசிவுக்கு, இருமுறதுக்கு ஒரு நொடி முன்னாடி சிறுநீரை அடக்குற மாதிரி உள்தசையை மேலே இழுத்துப் பிடிங்க. ஆனா இருமாதப்பவும் சிறுநீர் வாடையே இல்லாத தண்ணி கசிஞ்சா அது பனிக்குட நீரா இருக்கலாம். நாப்கின் வச்சுக்கிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

பதில் 2:
ஆடாதொடை வேண்டவே வேண்டாம். அதிலுள்ள வாசிசின் என்ற வேதிப்பொருள் சளியை இளக்கும். ஆனால் அதே வாசிசினுக்குக் கருப்பையைச் சுருங்க வைக்கும் குணமும் உண்டு. கஷாயத்தைத் தவிர்த்துவிட்டு மூலிகை சிரப் வாங்கினாலும் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். 'வாசா', 'வாசகா' என்று போட்டிருந்தால் அதே இலைதான். அதிமதுரத்தையும் வாயில் அடக்க வேண்டாம், அது இரத்த அழுத்தத்தை ஏற்றும்.

அத்தைக்கும் மனம் நோகாமல் வேறு வழி இருக்கிறது. வெதுவெதுப்பான ஒரு டம்ளர் தண்ணீரில் 2 டீஸ்பூன் தேன் கலந்து தரச் சொல்லுங்கள் (சுகர் இருந்தால் தேன் வேண்டாம்). 250 மில்லி வெந்நீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளியுங்கள். இங்கிலீஷ் சிரப் எதுவானாலும் டாக்டர் எழுதித் தந்தால் மட்டும். உடம்புவலிக்கு இபுபுரூஃபன் போடக் கூடாது. 20 வாரத்துக்குப் பிறகு அது குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைத்துவிடலாம்.

பதில் 3:
படுத்தால் கூடுகிறது என்கிறீர்களே, அமிலம் தொண்டைக்கு ஏறுவதாலும் இருக்கலாம். வளரும் கருப்பை இரைப்பையை மேலே தள்ளும். இரவுச் சாப்பாட்டைப் படுப்பதற்கு 3 மணி நேரம் முன்பே முடித்துவிட்டு, இடது பக்கம் சாய்ந்து படுங்கள். தலையணைகளை அடுக்காதீர்கள், வயிறு மடங்கி அமிலம் இன்னும் ஏறும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு 15 செ.மீ. கட்டை வையுங்கள்.

குழந்தையைப் பாதிப்பது இருமலை விட அதன் காரணம்தான். ஆஸ்துமா இருந்தால், மாசமாக இருக்கிறோமே என்று இன்ஹேலரை நிறுத்தாதீர்கள். உங்களுக்கு மூச்சு திணறினால் குழந்தைக்கு ஆக்சிஜன் குறையும். இருமல் 2 வாரம் தாண்டினால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை அவசியம், அரசு மருத்துவமனையில் இலவசம். நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னாலும் மறுக்காதீர்கள், குழந்தைக்குச் சேரும் கதிர்வீச்சு மிகமிகக் குறைவு. 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், மூச்சு வாங்குதல், சளியில் இரத்தம், குழந்தை அசைவு குறைதல், இதில் எது வந்தாலும் அன்றே டாக்டரைப் பாருங்கள்.